சிரிப்புப் போராட்டம் ஒன்றைத் திட்டமிடுவது எப்படி: முதல் கூட்டத்திலிருந்து மறுநாள் வரை

எதேச்சதிகாரத்துக்கு எதிராக விளையாட்டாக ஏதாவது செய்யலாம் என்று கூடும் குழுக்களில் பல, முதல் கூட்டத்திலேயே கோட்டை விட்டுவிடுகின்றன. யாராவது ஒருவர் நல்ல நையாண்டி ஒன்றைச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அதையே செய்துவிடலாம் என்று முடிவாகும். யார் பார்க்க, எதற்காக, தடுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் பிறகு அதன்மேல் ஒட்டவைக்கப்படும். இப்படிச் செய்தவை பெரும்பாலும் அந்தக் குழுவை மட்டுமே சிரிக்கவைக்கும்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பார்ப்பவர், பிரச்சினை, அரசின் எதிர்வினை, வடிவம் ஆகிய நான்கையும் முடிவு செய்த பிறகுதான் நகைச்சுவை. இந்த வழிகாட்டி ஒரு சிறு குழு இரண்டு, மூன்று வாரங்களில் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு நிகழ்வுக்கானது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆட்கள். 8 முதல் 10 பேர் போதும். திட்டமிடுவோர் அதில் 4 அல்லது 5 பேர். கூட்டம் பெரிதானால் ரகசியம் நிற்காது, முடிவும் எடுபடாது.

ஒரு வழக்கறிஞர். நிகழ்வு நாளில் தொலைபேசியை எடுப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும். ‘தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார்’ என்பது கணக்கில் வராது.

வன்முறை இல்லை என்ற ஒப்பந்தம். கை நீட்டுவதில்லை, எதையும் உடைப்பதில்லை, வசைபாடுவதில்லை. இதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கல் பறந்தால் அன்றைய செய்திப் படம் அந்தக் கல்தான். அதோடு, அடிதடிக்குப் பதில் கொடுக்க அரசுக்கு நன்றாகத் தெரியும்; பொம்மைக்கு எப்படிப் பதில் கொடுப்பது என்றுதான் தெரியாது.

ஆபத்தின் அளவு. உங்கள் இடத்தில் பிடிபட்டால் சில மணி நேரம் காவல் நிலையத்தில் உட்காரவைப்பார்களா, வழக்கும் சிறையும் வேலையிழப்பும் வருமா, அல்லது ஆளே காணாமல் போவாரா? இதற்கு நேர்மையான பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிலை என்றால் கூட்டம் கூடும் எந்த வடிவமும் வேண்டாம். படி 4-இல் சொல்லும் சிதறிய வடிவங்கள் மட்டுமே. வேறு நாட்டில் எடுபட்டதை அப்படியே எடுத்து வந்து செய்பவர்கள் இந்த ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

## 1. யார் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஆட்சியாளரின் மனத்தை மாற்றுவது குறிக்கோள் அல்ல. அவர் மாறமாட்டார். ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்களை மகிழ்விப்பதும் அல்ல. அச்சத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும் நடுநிலையாளர், அலுவலகத்தில் உத்தரவுக்குக் கையெழுத்துப் போடும் எழுத்தர், தெருவில் நிறுத்தப்படும் காவலர், விளம்பரத்துக்குப் பயந்து செய்தியைத் தவிர்க்கும் ஆசிரியர் போன்றோரில் ஒரே ஒரு வகையினரைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘இதைப் பார்க்கும் இன்னார், இன்னது செய்வதை நிறுத்த வேண்டும்’ அல்லது ‘இன்னது செய்யத் துணிய வேண்டும்’. இந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். ‘விழிப்புணர்வு ஏற்பட வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்; அதை யாராலும் அளந்து பார்க்க முடியாது.

## 2. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொய்யைத் தேடுங்கள்

நையாண்டி புதிய செய்தியைச் சொல்வதற்கு ஏற்ற கருவி அல்ல. எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வெளியே சொல்லாததைச் சொல்லவைப்பதே அதன் வேலை. ஆகவே அரசு சொல்வதற்கும் மக்கள் தினம் காண்பதற்கும் நடுவே பளிச்சென்று தெரியும் இடைவெளியைத் தேடுங்கள்.

1982 பிப்ரவரியில், போலந்தின் ஷ்விட்னிக் நகரில் இராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது, அரசுத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி பொய் என்பது ஊருக்கே தெரியும். மக்கள் செய்தி ஒளிபரப்பாகும் 7.30 மணிக்குக் குடும்பத்தோடு தெருவில் உலாவப் போனார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பி ஜன்னலில் வைத்தார்கள். ‘நாங்கள் இந்தச் செய்தியைப் பார்ப்பதில்லை’ என்று ஒரு பலகைகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

சோதனை எளிது. குழுவுக்கு வெளியே உள்ள ஐந்து பேரிடம் உங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நான்கு பேராவது ‘ஆமாம், அது அப்படித்தானே’ என்று தலையாட்ட வேண்டும். ‘அப்படியா, எனக்குத் தெரியாதே’ என்றால் அந்தப் பொருளுக்குக் கட்டுரையும் துண்டறிக்கையும்தான் பொருத்தம்.

பொருள் சிறியதாக இருப்பது நல்லது. ‘சர்வாதிகாரம்’ என்பதை யாரும் கையில் பிடித்துக் காட்ட முடியாது. கூட்டம் கூட அனுமதி கேட்டால் தரும் படிவம், ஊரெங்கும் நிற்கும் ஒரே முகம், தணிக்கை செய்த ஒரு சொல் போன்றவற்றைக் காட்ட முடியும்.

## 3. அரசை இருதலைக்கொள்ளி எறும்பாக்குங்கள்

முழு வேலையின் உயிர்நாடி இங்கேதான். ஆகவே இதற்குக் குறைந்தது ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தி: அரசு கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? இரண்டாவது: தடுத்தால் என்ன ஆகும்? மூன்றாவது: தானும் சேர்ந்து சிரித்தால் என்ன ஆகும்? மூன்றிலும் அரசுக்கு ஏதாவது இழப்பு இருக்க வேண்டும். ஒரு பத்தி காலியாக இருந்தால் அரசு அந்த வழியாகத்தான் நழுவும்.

செர்பியாவில் 1998-இல் தொடங்கிய ஓட்போர் என்ற ஆட்சி எதிர்ப்பு இயக்கத்தின் இளைஞர்கள், அன்றைய ஆட்சியாளர் மிலோசெவிச்சின் முகம் ஒட்டிய ஒரு பீப்பாயைப் பெல்கிரேடின் கடைத்தெருவில் வைத்தார்கள். காசு போட்டுவிட்டு அந்த முகத்தை ஒரு கட்டையால் அடிக்கலாம். வைத்தவர்கள் அங்கிருந்து விலகிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது அமைப்பாளர் யாரும் இல்லை. கடைக்கு வந்த குடும்பங்கள்தான் வரிசையில் நின்றன. விட்டுவிட்டால் அடி தொடரும். குழந்தையோடு வந்தவர்களைப் பிடித்தால் ஊர் பொங்கும். கடைசியில் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘பீப்பாய் கைது’ என்ற காட்சியைப் போலீஸே அமைத்துக் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது பீப்பாய் அல்ல. அமைப்பாளர் விலகி நின்றதுதான். பிடிக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் போலீஸுக்கு வழக்கமான வேலை கிடைத்திருக்கும், தர்மசங்கடம் தீர்ந்திருக்கும்.

இதே கணக்கைப் பிற இடங்களிலும் பார்க்கலாம். 2012 ஜனவரியில் ரஷ்யாவின் பர்னாவுல் நகரில், மனிதர்கள் கூடுவதற்கு அனுமதி கிடைக்காதபோது, சிறு பொம்மைகள் கையில் குட்டிப் பதாகைகளோடு பனியில் நிறுத்தப்பட்டன. அடுத்த முறை அனுமதி கேட்டபோது, பொம்மைகள் ரஷ்யக் குடிமக்கள் அல்ல என்று அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தப் பதிலை எந்த நையாண்டி எழுத்தாளராலும் இவ்வளவு நன்றாக எழுத முடியாது. பெலாரஸில் 2011-இல் ஆட்சியை எதிர்த்து மக்கள் கூடி வெறுமனே கைதட்டினார்கள். போலீஸ் கைதட்டியவர்களைப் பிடித்தது. பொது இடத்தில் கைதட்டுவதைக் குற்றமாக்கியதற்காக அதிபர் லுகாஷென்கோவுக்கும், ஒற்றைக் கையர் ஒருவரைக் கைதட்டியதாகக் கைது செய்ததற்காக அந்நாட்டுப் போலீஸுக்கும் 2013-இல், நோபல் பரிசை நையாண்டி செய்யும் இக் நோபலின் ‘சமாதான’ப் பரிசு கிடைத்தது.

அரசு அல்லாத எதேச்சதிகார இயக்கங்களுக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் வுன்சீடல் நகரில் நவநாஜிகள் ஆண்டுதோறும் ஊர்வலம் வருவார்கள். 2014 நவம்பரில் ஊரார், அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ வீதம், நாஜி இயக்கத்திலிருந்து வெளியேற உதவும் அமைப்புக்கு நன்கொடை அறிவித்தார்கள். நடந்தால் தங்களுக்கு எதிராகவே பணம் திரட்டியதாகும், நின்றால் ஊர்வலம் தோற்றதாகும். 10,000 யூரோவுக்கு மேல் சேர்ந்தது.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று.

தடுப்பது நியாயமாகத் தோன்றும் செயலைத் தேர்ந்தெடுப்பது முதல் பிழை. சாலையை மறித்தால், ஆம்புலன்ஸ் நின்றால், பார்ப்பவர் போலீஸ் பக்கம் போய்விடுவார். செயல் எந்த அளவுக்கு அப்பாவித்தனமாக இருக்கிறதோ அந்த அளவுக்குத் தடை கேலிக்கூத்தாகும். நிற்பது, நடப்பது, படிப்பது, கைதட்டுவது எல்லாம் நல்ல மூலப்பொருள்.

இரண்டாவது, அரசு நிச்சயம் தடுக்கும் என்று நம்பி முதல் பத்தியைக் காலியாக விடுவது. அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் ‘விட்டுவிடுங்கள், மழை வந்தால் போய்விடுவார்கள்’ என்று சொன்னால் நிகழ்வு அங்கேயே செத்தது. யாரும் தடுக்காவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும்: நல்ல படம், வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பொருள், தானும் செய்து பார்க்க ஒரு செயல்.

மூன்றாவது, சேர்ந்து சிரிக்கும் அதிகாரியை எதிர்பார்க்காதது. அமைச்சர் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு ‘எங்கள் ஜனநாயகத்தைப் பாருங்கள்’ என்றால் என்ன செய்வீர்கள்? அதற்காகவே நையாண்டியோடு ஒரு சின்ன, தெளிவான கோரிக்கை இருக்க வேண்டும்: இந்த விதியை நீக்கு, இன்னாரை விடுதலை செய். சிரித்துவிட்டுப் போகும் அமைச்சரிடம் அந்தத் தாளை நீட்டலாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதுவே படம்.

## 4. கூடுவதா, சிதறுவதா என்று தீர்மானியுங்கள்

கூடும் வடிவத்தில் படம் நன்றாக வரும். ஆள் மாட்டுவதும் எளிது. சிதறிய வடிவத்தில் யாரும் மாட்டமாட்டார்கள். ஆனால் நேரமும் அடையாளமும் துல்லியமாக இருந்தால்தான் அது நிகழ்ந்தது என்றே தெரியும்.

1983 மே மாதம் சிலியில், பினோஷேயின் இராணுவ ஆட்சிக்கு எதிராகச் செம்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் முதலில் நினைத்தது வேலைநிறுத்தத்தை. சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் இராணுவம் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆகவே அது மே 11 அன்று தேசிய எதிர்ப்பு நாளாக மாற்றப்பட்டது. இரவு 8 மணிக்கு வீட்டுக்குள்ளிருந்தே பாத்திரங்களைத் தட்டினார்கள். 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு மியன்மாரிலும் இரவு 8 மணிக்குப் பாத்திர ஓசை எழுந்தது. இருட்டில் எந்த வீட்டிலிருந்து ஓசை வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வொரு வீட்டுக்கும் தான் மட்டும் தனியாக இல்லை என்பது காதில் விழுகிறது. சிதறிய வடிவத்தின் பலனே அதுதான்.

சிதறிய வடிவத்துக்கு மூன்று விஷயங்கள் தேவை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள், சரியான மணி (‘மாலையில்’ என்பது போதாது, ‘8.00 முதல் 8.10 வரை’), தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க ஒரு சாக்கு. விளக்கை அணைத்து ஏற்றுவது, ஒரே நிறத்தில் சட்டை போடுவது, மெதுவாக நடப்பது எல்லாவற்றிலும் இந்தச் சாக்கு உண்டு. சாக்கு வலுவாக இருக்க இருக்க, பயந்தவர்களும் சேர்வார்கள்.

முடிவு செய்ய முடியாமல் இழுபறியானால் சிதறிய வடிவத்தையே எடுங்கள். முதல்முறை செய்யும் குழுவுக்கு அதுதான் தகும்.

## 5. இப்போதுதான் நகைச்சுவை

முந்தைய நான்கு படிகளும் முடிந்திருந்தால் நகைச்சுவை பெரும்பாலும் தானே வந்துவிடும். வராவிட்டால் இந்த நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாக உங்கள் பிரச்சினைமேல் போட்டுப் பாருங்கள்.

*அளவுக்கு மீறிய கீழ்ப்படிதல்.* விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடியுங்கள். ஐந்து பேர் கூடக்கூடாது என்றால் நான்கு நான்கு பேராக, நடுவே அளவுநாடா பிடித்து, நில்லுங்கள். எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்றால் தும்முவதற்கும் விண்ணப்பம் போடுங்கள்.

*போலிப் பாராட்டு.* குறையைத் திட்டாமல் கொண்டாடுங்கள். சாலைக் குழிக்குப் பிறந்தநாள், தணிக்கை அதிகாரிக்கு நன்றி அறிவிப்பு. பாராட்டைத் தடுக்கும் அரசு தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டதாகும்.

*பொருந்தாத வேடம்.* போலந்தின் ‘ஆரஞ்சு மாற்று’ இயக்கம், அரசு எதிர்ப்பு முழக்கங்களை அழித்துப் பூசிய வெள்ளைத் திட்டுகளின்மேல் சித்திரக்குள்ளர்களை வரைந்தது. 1988 ஜூன் 1 அன்று வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஆயிரக்கணக்கானோர் அந்தக் குள்ளர்களைப் போலக் கூம்புத் தொப்பியோடு தெருவுக்கு வந்தார்கள். கூம்புத் தொப்பிக்காரரைக் கைது செய்யும் போலீஸ்காரரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

*வெறுமை.* ஒன்றும் சொல்லாமல் இருப்பது. 2013 ஜூன் 17 அன்று இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் எர்தெம் குந்தூஸ் என்ற ஒருவர், அரசை எதிர்த்து மணிக்கணக்கில் சும்மா நின்றார். பின்னாலேயே பலர் வந்து நின்றார்கள். 2022 நவம்பரில் சீன நகரங்களில் போராட்டக்காரர்கள் வெற்றுத்தாளைப் பிடித்தார்கள். எழுதாததைத் தடைசெய்ய வேண்டுமானால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று தமக்குத் தெரியும் என அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் முகத்தில் சிரிப்பு கூடாது. செய்பவர் சிரித்தால் அது குறும்பு. செய்பவர் இறுகிய முகத்தோடு செய்தால் சிரிப்பு பார்ப்பவருக்குப் போகும். ஒத்திகையில் இதை மட்டுமே கால்மணி நேரம் பழகலாம்.

எல்லைகள் உண்டு. உடல்வாகு, சாதி, மதம், பாலினம், பேச்சு வழக்கு ஆகியவற்றைத் தொடக்கூடாது. ஆட்சியாளரை அவர் தோற்றத்துக்காகக் கிண்டலடித்தால், அதே தோற்றம் உள்ள சாமானியருக்கும் அடி விழுகிறது. கீழ்நிலைக் காவலர்களைக் கேலி செய்யவே வேண்டாம். அவர்கள் நாளை உத்தரவைத் தாமதப்படுத்த வேண்டியவர்கள். இன்றே அவமானப்படுத்தினால் அந்தக் கதவு மூடிவிடும். உயிர்ப்பலி நடந்திருந்தால் நகைச்சுவையை ஒத்திவையுங்கள். துக்கத்தில் இருப்பவர் முன் சிரிப்பவருக்கு எந்த நியாயமும் கைகொடுக்காது.

எழுதி முடித்த நையாண்டியை மூன்று பேரிடம் காட்டுங்கள்: அரசியலில் ஆர்வமே இல்லாத ஒருவர், வயதில் மூத்த ஒருவர், ஆட்சியை ஓரளவு ஆதரிக்கும் ஒருவர். மூன்றாமவர் சிரிக்க வேண்டும் என்று இல்லை. கோபப்பட்டால் மட்டும் ஏன் என்று கேட்டுத் திருத்துங்கள்.

## 6. பொருட்களைத் தயாரியுங்கள்

ஒரு பலகையில் ஏழு சொற்களுக்கு மேல் வேண்டாம். 12 மீட்டர் தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து 10 செ.மீ. உயரம் வேண்டும். தமிழ் எழுத்துகளில் சுழிகளும் கொம்புகளும் மேலும் கீழும் நீள்வதால் 12 முதல் 15 செ.மீ. வரை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் பருமன் எழுத்து உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. இதைவிட மெலிதாக எழுதினால் படத்தில் மறைந்துவிடும். தடித்தால் சுழிகள் அடைந்துவிடும். வெள்ளை அல்லது மஞ்சள் பின்னணியில் கறுப்பு. பளபளப்புத் தாள் வேண்டாம். வெயிலில் கண்ணாடிபோல் மின்னி எழுத்தை விழுங்கும்.

அட்டையைக் கையாலேயே பிடியுங்கள். கம்பு, குழாய், கம்பி எதுவும் வேண்டாம். படத்தில் அவை ஆயுதமாகத் தெரியும். பொம்மைத் துப்பாக்கி, சிவப்புச் சாயம், பட்டாசு ஆகியவற்றுக்கும் இதே காரணம். தரையில் எழுதச் சாக்குக்கட்டி. கழுவினால் போய்விடுவதால் பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் போடுவது கடினமாகும்.

எல்லாவற்றையும் இரண்டு தொகுதியாகச் செய்து, இரண்டாவதை வேறொரு வீட்டில் வையுங்கள். முதல் தொகுதி பறிமுதல் ஆகும் என்றே கணக்குப் போடுங்கள்.

## 7. பங்குகளைப் பிரியுங்கள்

10 பேர் இருந்தால்: நடிப்பவர் 3, படம் எடுப்பவர் 2 (ஒருவர் அருகில், ஒருவர் எதிர்ப்புறத் தூரத்தில்), போலீஸிடம் பேசுபவர் 1, வழிப்போக்கரிடம் பேசுபவர் 1, பதற்றத்தைத் தணிப்பவர் 1, எதிலும் சேராமல் நடப்பதைக் குறிப்பெடுப்பவர் 1, நிகழ்விடத்துக்கே வராமல் தொலைபேசியோடு வெளியே இருப்பவர் 1.

கடைசி ஆளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பங்கேற்பவர் பெயர், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கும். குறித்த நேரத்தில் ஒருவர் தகவல் சொல்லாவிட்டால் அவர்தான் வழக்கறிஞரை அழைப்பார். எல்லாரும் தெருவில் இருந்தால், எல்லாரும் பிடிபட்ட பிறகு யாருக்கும் தெரியாது.

போலீஸிடம் பேசுபவர் ஒருவரே. பத்து பேரும் பத்துவிதமாகப் பதில் சொன்னால் அதில் ஒன்று வாக்குமூலமாகிவிடும். சிறார், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், நிலுவை வழக்கு உள்ளவர் ஆகியோருக்குத் தெருவில் வேலை கொடுக்காதீர்கள். பலகை எழுதுவதும் படம் திருத்துவதும் அதே அளவு தேவையான வேலைகள்.

## 8. தொலைபேசி, சட்டம்

அந்த இடத்தில் கூட அனுமதி வேண்டுமா, முகத்தை மறைப்பது குற்றமா, காவல் நிலையத்தில் பெயரைத் தவிர வேறென்ன சொல்லக் கட்டாயம் என்ற மூன்று கேள்விகளையும் வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். வழக்கறிஞரின் எண்ணைப் பந்துமுனைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். தொலைபேசி பறிபோனால் அதிலிருக்கும் எண்ணும் போகும்.

படம் எடுப்பவரைத் தவிர மற்றவர்கள் தொலைபேசியை வீட்டிலேயே வைப்பது நல்லது. கொண்டுவந்தால் கைரேகை, முகத் திறப்பை அணைத்துவிட்டு, ஆறு இலக்கத்துக்குக் குறையாத எண்ணைப் பூட்டாகப் போடுங்கள். விரலைப் பிடித்து அழுத்தித் திறக்கலாம். மனத்தில் உள்ள எண்ணை அப்படி எடுக்க முடியாது. திட்டப் பேச்சைச் சிக்னல் போன்ற செயலியில், தானே அழியும் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் முகத்தை மறைக்க, மங்கலாக்கும் வசதியை நம்பாமல் முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். மங்கலாக்கியதைச் சில சமயம் மீட்டெடுக்க முடியும். படக்கோப்போடு எடுத்த இடமும் நேரமும் ஒட்டியிருக்கும். திருத்திய படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து அதை மட்டும் அனுப்பினால் அந்த ஒட்டு போய்விடும்.

## 9. ஒத்திகை பாருங்கள்

மூன்று சுற்று போதும். முதல் சுற்றில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதில் போலீஸ் மரியாதையாகக் கலையச் சொல்கிறது. மூன்றாவதில் இழுக்கிறது, பக்கத்தில் ஒருவர் கெட்டவார்த்தை பேசுகிறார். குழுவிலேயே சத்தமான ஒருவரைப் போலீஸாக நடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சுற்றில் பழக வேண்டியது: ஓடாமல் இருப்பது, கைகளைத் திறந்து தெரியும்படி வைப்பது, தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வது, தேவைப்பட்டால் மெதுவாக உட்கார்வது. திடீரென்று எந்த அசைவும் கூடாது. பயத்தில் தள்ளிவிடுவதுகூடக் காணொளியில் தாக்குதலாகத் தெரியும்.

நிறுத்தும் நிபந்தனையையும் இங்கேயே எழுதுங்கள்: ‘இது நடந்தால் நிறுத்திவிட்டுக் கலைவோம்’. கூட்டத்தில் யாராவது கல்லெடுத்தால், குழந்தை ஒன்று நெரிசலில் மாட்டினால், ஆயுதம் தெரிந்தால். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பதற்றத்தைத் தணிப்பவருக்கு மட்டும். அங்கே விவாதம் கிடையாது.

## 10. அன்றைய நாள்

15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் போனால் சிரிப்பு வற்றும், போலீஸ் சேரும். அவர்கள் முடித்துவைக்கும் முன் நீங்களே முடித்துவிட்டுப் போவது பாதி வெற்றி.

ஒரு மணி நேரம் முன்பு ஒருவர் மட்டும் போய் இடத்தைப் பார்த்து வரட்டும்: சாலை வேலை நடக்கிறதா, வேறு கூட்டம் இருக்கிறதா, வெளியேற இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றனவா. மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக, வெவ்வேறு திசையிலிருந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் வர வேண்டும்.

முக்கியமான படத்தை முதல் மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். நான்காவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று உங்கள் கையில் இல்லை. எடுத்த உடனேயே அருகில் நின்று எடுத்தவர் கிளம்பிவிட வேண்டும். போலீஸின் எதிர்வினையைப் படம் எடுக்கத் தூரத்தில் இருப்பவர் போதும்.

முடிந்ததும் குப்பையைப் பொறுக்கிச் செல்லுங்கள். அது கண்ணியத்துக்கு மட்டுமல்ல. மறுநாள் ‘நகரை அசிங்கப்படுத்தினார்கள்’ என்ற தலைப்பைத் தவிர்ப்பதற்கும்தான்.

## 11. செய்தியாக்குங்கள்

செய்திக்குறிப்பை முந்தைய இரவே எழுதி முடித்திருக்க வேண்டும். மூன்று வாக்கியம்: என்ன நடந்தது, எதற்காக, கோரிக்கை என்ன. ஒரு படம், அதிகம் போனால் இரண்டு. ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்; தாமதமானால் அரசுத் தரப்பின் விவரிப்பே முதலில் பரவும்.

நகைச்சுவையை விளக்காதீர்கள். ‘இதன்மூலம் நாங்கள் உணர்த்த விரும்புவது’ என்று தொடங்கும் வாக்கியம் கண்ணில் பட்டால் அடித்துவிடுங்கள். செய்திக்குறிப்பும் நடித்தவர்களின் முகத்தைப் போலவே இறுகி இருக்கட்டும்: ‘இன்று காலை நான்கு குடிமக்கள் விதி எண் இன்னதைக் கவனமாகக் கடைப்பிடித்தனர்’ என்று.

அரசு எதிர்வினை காட்டினால் அதுதான் இரண்டாவது செய்தி. பெரும்பாலும் முதல் செய்தியைவிடப் பெரியது. அதிகாரி சொன்னதை அப்படியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், வெளியிடுங்கள். உங்கள் கருத்து எதுவும் தேவையில்லை.

## 12. மறுநாளும் அதற்கடுத்ததும்

பிடிபட்டவர் இருந்தால் மற்ற எல்லா வேலையும் நிற்கட்டும். எல்லாரும் வெளியே வந்த பிறகே அடுத்தது பற்றிய பேச்சு. இதில் தவறிய குழுவுக்கு இரண்டாம் முறை ஆள் வராது.

48 மணி நேரத்துக்குள் கூடி மூன்றாகப் பிரித்த அந்தத் தாளை எடுங்கள். அரசு எந்தப் பத்தியின் வழியாகப் போனது? எழுதியதற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்? படி 1-இல் குறித்த ‘இன்னார்’ யாராவது பார்த்தாரா, என்ன சொன்னார்? எத்தனை பேர் விரும்பினார்கள், பகிர்ந்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். அதில் பாதி ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள்தான்.

அரசு வழியை அடைத்தால் பதில் தயாராக இருக்க வேண்டும். ஷ்விட்னிக்கில் உலா பரவியதும் ஊரடங்கை முன்னதாகவே தொடங்கி, 7.30 மணிக்கு யாரும் வெளியே வர முடியாதபடி செய்தார்கள். மக்கள் மாலை 5 மணிச் செய்தியின்போது உலாவத் தொடங்கினார்கள். இப்படி ஒரு மாற்றை முதல் நிகழ்வுக்கு முன்பே யோசித்து வைத்திருந்தால், தடை வந்த அன்றே அறிவிக்கலாம். இரண்டு வாரம் கழித்து அறிவித்தால் தடை பலித்துவிட்டதாகவே ஊர் எடுத்துக்கொள்ளும்.

ஒரே வடிவத்தை ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் செய்ய வேண்டாம். அதற்குள் போலீஸ் பழகிவிடும், செய்தியாளர் வரமாட்டார். அதற்குப் பதில், வேறு ஊர்க்குழுக்கள் செய்யும்படி ஒரு பக்கச் செய்முறையை எழுதி வெளியிடுங்கள்: தேவையான ஆட்கள், பொருட்கள், மணிக்கணக்கு, நிறுத்தும் நிபந்தனை, எங்கே தவறினோம். உங்கள் பெயரோ சின்னமோ அதில் வேண்டாம். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்றால்தான், எந்தத் தலையைப் பிடித்தால் இது நிற்கும் என்று தேடுபவருக்கு ஒரு தலையும் அகப்படாது.